கரண்டே வேண்டாத சுடுதண்ணீர்

"இன்னிக்கும் ஏமாத்திட்டான் ஆன்ட்டி, இந்தச் சூரியன்!"

சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று மேகத்தைத் திட்டிக்கொண்டிருந்தான் ஹெர்பர்ட். பெங்களூர் ஆடுகோடியில் கேத்தரின் ஆன்ட்டி வீட்டு மாடியில் சோலார் ஹீட்டரை மாதிரிக்கென்று அவன் ஓசியில் பொருத்தி மூன்று நாள் ஆகிறது. எதிர் அபார்ட்மென்ட் செக்ரட்டரி சீனிவாசராகவன் நாளைக் காலை எட்டு மணிக்கு வந்து குழாயைத் திறந்து பார்ப்பார். தண்ணீர் சுட்டால் இருபத்துநாலு வீட்டுக்கும் ஆர்டர். சுடாவிட்டால் ஹெர்பர்ட்டின் வேலை காலி. ஐந்து மாதமாக ஒரு ஹீட்டர்கூட விற்காதவனை எந்த மேனேஜர் வைத்துக்கொள்வான்? ஜூலை மாதத்துப் பெங்களூரில் சோலார் விற்க அனுப்பிய அந்த மேனேஜரைத்தான் முதலில் உதைக்க வேண்டும், அது வேறு விஷயம்.

"மத்தியானம் கொஞ்ச நேரம் நல்லாத்தானேப்பா அடிச்சுது?" என்றாள் ஆன்ட்டி.

"அதெல்லாம் ஒரு வெயிலா? அப்பளம்கூடக் காயாது!"

மழைக்காலத்துக்கென்று டேங்குக்குள் ஒரு கரண்ட் காயில் இருந்தது. 'உலகம் பூரா இப்ப சோலார்தான் சார், கரண்டே வேண்டாம்' என்று செக்ரட்டரியிடம் அடித்துப் பேசியிருந்ததால் அதைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. காயிலின் ஒயர் கீழே எட்டவில்லை. பழைய ஒயர் ஒன்றை ஒட்டுப் போட்டான். ஒட்டுக்குச் சுற்ற டேப் இல்லை. போகட்டும் என்று மாடியின் குறுக்கே இழுத்துக் கட்டி, ஜன்னல் வழியாக ஆன்ட்டியின் சமையலறை பிளக்கில் செருகி, சுவிட்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை தூறல். குரங்குக் குல்லாயோடு வந்த செக்ரட்டரி மாடிக் குழாயைத் திறந்து கையை நீட்டினார்.

"அடேடே, சுடறதே! நிஜமாவே கரண்ட் இல்லாமலா?"

"துளிகூட இல்ல சார். எல்லாம் சூரியன்." பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் ஹெர்பர்ட் மேகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அது என்ன ஒயர்?"

"அது... ஆன்ட்டி துணி காயப்போடறது சார்."

"பேஷ்!" கையைத் துடைத்த ஈரத் துண்டை உதறிக்கொண்டு செக்ரட்டரி ஒயரை நோக்கி நடந்தார். அத்தனை நீள ஒயரில் அவருக்குப் பிடித்த இடம் அந்த ஒட்டுதான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆர்டர் நிற்கும், மனுஷன் போய்விடுவார். பாவம், பிள்ளைகுட்டிக்காரர்.

"ஐயோ, தொடாதீங்க சார்! அதுல கரண்ட் ஓடுது! தண்ணி சுட்டது அதனாலதான்! நான் ஃப்ராடு சார்!" பாய்ந்துபோய்த் துண்டைப் பிடுங்கியவன் அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டான். வேலை போன துக்கத்தைவிட, ஆள் பிழைத்த நிம்மதியில்தான் அதிகம் அழுதான்.

காபி டம்ளர்களோடு படியேறி வந்த கேத்தரின் ஆன்ட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்த ஒயர்ல ஏதுப்பா கரண்ட்? நேத்து நீ கேட்டைத் தாண்டறதுக்குள்ளயே பிளக்கைப் புடுங்கிட்டேனே. என் மிக்ஸிக்கு வேற பாயிண்ட் எங்க இருக்கு?"