செவுரண்ணனும் ஒரு சாக்பீஸ் கோடும்

அமெரிக்காவில் சாமி தனியாகவும் சர்க்கார் தனியாகவும் இருந்தே ஆகவேண்டும் என்று உலகத்திலேயே அதிகமாகக் கவலைப்பட்ட மனுசர் அமெரிக்காவில் இல்லை. ஏற்காடு ஏரிக்கரை ஸ்டாண்டில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அவர் செவுரண்ணன். சொந்தப் பேர் அவருடைய லைசென்ஸில் இருந்திருக்கும். நான் அதைப் படித்ததில்லை. லைசென்ஸ் என்ன, எதையுமே படித்ததில்லை. மூன்றாங்கிளாசில் வாத்தியாரும் நானும் ஒரு முடிவுக்கு வந்தோம், இனி ஒருத்தரை ஒருத்தர் தொந்தரவு செய்வதில்லை என்று. அன்றிலிருந்து அதே ஸ்டாண்டு ஓரத்தில் மிளகாய் பஜ்ஜிக் கடைதான். இதையும் நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரிதான் எழுதுகிறாள். என்னைப் பற்றிக் கேவலமாக ஏதாவது வந்தால் அது அவள் சேர்த்தது.

ஒரு தடவை அமெரிக்காவிலிருந்து ஒரு புருசன் பெண்டாட்டி வந்து அண்ணன் ஜீப்பை மூன்று நாளைக்குப் பிடித்தார்கள். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி எல்லாம் போனார்கள். எதையும் பார்க்கவில்லை. பின் சீட்டில் ஒரே சண்டை. பள்ளிக்கூடத்தில் ஜெபம் இருக்கவேண்டும், கோர்ட் சுவரில் பைபிளின் பத்துக் கட்டளையை மாட்டவேண்டும், நாடே சாமி மேல் நம்பிக்கை வைத்துக் கட்டினது என்பது புருசன் கட்சி. சர்க்கார் எந்த சாமி பக்கமும் சாயக்கூடாது, நடுவில் ஒரு சுவர் நிற்கவேண்டும் என்பது அந்த அம்மா கட்சி. எஸ்டேட் துரைகளுக்கு வண்டி ஓட்டிப் பழகிய இங்கிலீஷில் அண்ணனுக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது. மூன்றாம் நாள், சேர்வராயன் கோயில் ரோட்டில் வண்டியை ஓரங்கட்டித் தீர்ப்புச் சொன்னார்.

“அம்மா சொல்றதுதானுங்க கரெக்ட்டு.”

அந்த ஆள் மணிபர்சைத் திறந்தார். ஒரு டாலர் நோட்டை எடுத்து, அதில் அச்சடித்திருந்த கடவுள் பேரை விரலால் தொட்டுக் காட்டி, நோட்டை அண்ணனுக்கே டிப்ஸாகக் கொடுத்துவிட்டுப் போனார். அண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் என் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார்.

“கண்டுபுடிச்சுட்டன் கண்ணு. செவுரு இன்னும் கட்டி முடியல. பாதியில கெடக்குது.”

“அதுக்கு நாம என்ன பண்றதுங்ணா? நம்மகிட்ட சிமெண்ட்டு கூட இல்லீங்களே.”

“நீ மொதல்ல பஜ்ஜியத் திருப்பு.”

அதற்கப்புறம் தினமும் போனில் அமெரிக்கச் செய்தி பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். ஜீப்பிலும் சுவர் வந்தது. டேஷ்போர்டின் இடது பக்கம் முருகன், வேளாங்கண்ணி மாதா, ஒரு மசூதிப் படம். வலது பக்கம் ஆர்சி, பர்மிட், இன்சூரன்ஸ். நடுவில் சிவப்பு டேப். ஊதுபத்திச் சாம்பல் டேப்பைத் தாண்டி விழுந்தால் வண்டி நின்றுவிடும். ஆயுத பூஜைக்கு எல்லோரும் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தால், இவர் இடது சக்கரம் ரெண்டுக்கு மட்டும் வைத்தார். பர்மிட் வண்டியில் பாதி சர்க்காருக்குச் சொந்தமாம்.

“ஏனுங்ணா, உங்களுக்குச் சாமின்னா ஆகாதுங்களா?” என்று கேட்டேன். நெற்றி நிறையத் திருநீறோடு முறைத்தார்.

“நான் சாமியக் காப்பாத்தறன்டா. சர்க்கார் போயி ஒட்டுச்சுன்னா சாமியும் மனு வாங்கி வெச்சுட்டு அடுத்த வாரம் வான்னு சொல்ல ஆரம்பிச்சுரும்.”

இப்படிப்பட்டவருக்குத்தான் கிராம சபையில் சோதனை வந்தது. அண்ணன் குடியிருந்தது மேட்டுத் தெரு. பன்னிரண்டு வீடு, குழாய் கிடையாது. பள்ளத்து ஊற்றிலிருந்து குடம் தூக்கித் தூக்கி அண்ணன் சம்சாரத்துக்கு இடது முழங்கால் பனங்காயாக வீங்கியிருந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் தீர்மானம் போட்டால்தான் பைப்பு. விட்டால் மறுபடி கூட்டம் கூட மாசக்கணக்காகும். ஆனால் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடு மாற்றிக்கொண்டிருந்ததால், கூட்டத்தை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வைத்துவிட்டார்கள்.

அண்ணன் வாசலிலேயே குடையைப் பிடித்து நின்றுவிட்டார். நல்ல மழை.

“சாமி ஊட்டுக்குள்ள சர்க்கார் கூட்டமா? நான் வரல. நீ போ.”

சட்டைப் பையிலிருந்து ரெண்டு காகிதம் எடுத்தார். ஒன்று பைப்புக்கு மனு. இன்னொன்று, சம்சாரம் பேரில் அர்ச்சனைக்குச் சீட்டு.

“தண்ணி சர்க்கார் டிபார்ட்மெண்ட்டு, கிளார்க்குகிட்டக் குடு. மொழங்கால் சாமி டிபார்ட்மெண்ட்டு, பூசாரிகிட்டக் குடு. கலக்கிப்புடாத கண்ணு.”

படிக்கத் தெரியாதவனிடம் ரெண்டு காகிதம் கொடுத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. கிளார்க் மைக்கில் வாசித்தார்: “விசாக நட்சத்திரம், துலா ராசி, இடது முழங்கால் வீக்கம் குறைய…” அந்தப் பக்கம் பூசாரி காகிதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, மணியை ஆட்டி, “மேட்டுத் தெரு பன்னெண்டு ஊட்டுக்கும் ஒன்றரை இஞ்சு பைப்பு, ரெண்டு கேட்டு வால்வு” என்று ராகம் போட்டுவிட்டு, மனுவில் குங்குமம் வைத்து அம்மன் காலடியில் போட்டுவிட்டார்.

மண்டபமே சிரித்தது. நான் மனுவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

“சாமிக்குக் குடுத்தத நான் திருப்பி வாங்க மாட்டன்,” என்றார் அண்ணன்.

கிளார்க் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். “புதுசா எழுதிக்கலாமுங்க. ஆனா நோட்டுல கையெழுத்து உள்ள வந்துதான் போடோணும். இதுதான் கடைசி மனு, சீக்கிரமுங்க.”

அந்த நேரம் பார்த்து அண்ணன் சம்சாரம் குடத்தோடு நொண்டிக்கொண்டே மேடேறி வந்தது. குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டது.

“ஏனுங்க, அமெரிக்காவுல தண்ணி வருதுங்களா?”

“வருது.”

“அப்ப அங்க போயி ரெண்டு கொடம் புடிச்சுட்டு வாங்க.”

அண்ணன் அந்த முழங்காலைப் பார்த்தார். குடையை மடக்கினார். செருப்பைக் கழற்றினார். வலது காலை எடுத்துப் படியில் வைத்தார். மண்டபத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

பஞ்சாயத்து பிரசிடெண்ட் அம்மா எழுந்தது.

“காலை எடுங்கண்ணா. என்ற ரெண்டு பிரசவத்துக்கும் வலி வந்தப்ப உங்க ஜீப்புதான் ஆஸ்பத்திரி கொண்டுபோச்சு. நீங்க ஒண்ணும் உள்ள வர வேண்டாம், நாங்க வெளிய வர்றோம்.”

ஊரே எழுந்து ரோட்டுக்கு வந்தது. மழையில் ஒரு குடைக்குள் நாலு தலை. வேறு காகிதம் இல்லாததால் என் பஜ்ஜி மடிக்கிற தாளில் மனு எழுதினார்கள். எல்லோரும் கை தூக்கித் தீர்மானம் நிறைவேறியது. இன்றைக்கும் அந்தக் கோப்பில் எண்ணெய் வாசம் அடிக்கும் என்கிறார் கிளார்க்.

குழாய் வந்த அன்றைக்கு எல்லோரும் தேங்காயோடு நின்றோம். அண்ணன் விடவில்லை. சர்க்கார் குழாயாம். மூன்றடி தள்ளி சாக்பீஸால் கோடு போட்டு, “இதுக்கு அந்தப் பக்கம் ஒடைங்க,” என்றார். முதல் தேங்காய் அவருடையது.

இப்போது கண் சரியில்லாமல் ஜீப்பை விற்றுவிட்டு, சேலத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை போன் வரும். முதலில் அமெரிக்காவில் சுவர் எவ்வளவு இடிந்தது, எவ்வளவு ஏறியது என்று விவரம் சொல்வார். பிறகு, வைப்பதற்கு முன்னால் கேட்பார்.

“கோடு இருக்குதா கண்ணு?”

“இருக்குதுங்ணா.”

போனை வைத்துவிட்டு, சாக்பீஸை மழையில் நனையாமல் மடியில் செருகிக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு ஓடுவேன்.