மஞ்சத்துணியில் முடிந்த ரெண்டு ரூபாய்

இராஜபாளையம்,
ஆடி 26, திங்கட்கிழமை

ஸ்ரீவில்லிபுத்தூரில் சகல சௌபாக்கியங்களுடனும் சுகர் மாத்திரையுடனும் வாழ்ந்துவரும் மச்சான், ஓய்வுபெற்ற ஏட்டு ஜெயபாண்டி அவர்களுக்கு, பால்ச்சாமி பணிவுடன் எழுதுவது. இங்கு நான் மூன்று நாளாகப் பழைய சோற்றுடன் நலம். அங்கு உங்கள் நலத்தையும், கோவித்துக்கொண்டு வந்திருக்கும் உங்கள் தங்கை குருவம்மாளின் நலத்தையும் அறிய ஆவல். போன் போட்டால் இருவருமே எடுப்பதில்லை, ஆகையால் இக்கடிதம். அவள் கண்ணாடி இங்கே அரிசி டப்பா மேல் கிடக்கிறது. நீங்கள்தான் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன் மதுரையில் எனக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது, நான் பிழைத்தால் இருக்கன்குடி மாரியம்மன் உண்டியலில் போடுவதாக ஒரு ரெண்டு ரூபாயை மஞ்சத்துணியில் முடிந்து வைத்தாளே, அதுதான் விவகாரம். பிழைத்தேன். போவோம், போவோம் என்று நான்தான் ஆடிகளைக் கடத்திவிட்டேன். காசு விளக்குப் பக்கத்திலேயே கிடந்தது. போன வாரம் யூடியூப்பில் ஒருவன், காசு அடிக்கிற மின்ட்டில் தவறுதலாக வேறு உலோகத்தில் அடித்த காசுக்கு எட்டு லட்சம் என்றான். சாமி அலமாரியைத் துடைக்கும்போது முடிச்சு தானாக அவிழ்ந்தது, அதாவது நான் அவிழ்த்தேன், பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய காசு தங்கமாட்டம் மின்னுது! பேண்டேஜ் கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி பார்த்த கண்ணு மச்சான், ஒரு இழை விலகினாலும் பிடிக்கிற கண்ணு, அது தப்பாகுமா என்று, சட்டையைக்கூட மாற்றாமல் பழைய நாணயம் வாங்கி விற்கிற பெலிக்ஸ் கடைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, கலரப் பாக்காதிய, எடையப் பாருங்க" என்றார். நிஜமாகவே வேறு காசுக்கான தகட்டில் அடித்திருந்தால் எடையோ அளவோ மாறணுமாம். என் காசு மற்ற ரெண்டு ரூபாய்களின் எடையிலேயே நின்றது, காந்தத்திலும் பச்சக்கென்று ஒட்டியது. அப்போ எவனோ முலாம் பூசிட்டான் என்றேன். லென்ஸில் பார்த்தார். முலாம் என்றால் எழுத்தோரமெல்லாம் மழுங்கி இருக்குமாம், இதில் அதுவும் இல்லை. கடைசியில் நகப்பூச்சு அழிக்கிற திரவத்தில் பஞ்சை நனைத்து ஒரு துடை துடைத்தார். காசு வெள்ளையாச்சு, பஞ்சு மஞ்சளாச்சு. "மஞ்சளும் வெளக்குப் பொகையும் அண்ணாச்சி. மூணு வருசமா ஒங்க வீட்டம்மாதான் முலாம் பூசியிருக்காவ." எட்டு லட்சம் பஞ்சோடு போயிற்று.

வீட்டுக்கு வந்தால் வெறும் துணியோடு அவள் நிற்கிறாள். "ஒன் உசுர முடிஞ்சு வச்ச காசய்யா அது! அதையா வெல பேசப் போன?" வெட்கத்தில் சட்டைப்பையில் இருந்த காசை எடுத்துக்கூட நீட்டவில்லை மச்சான். "அந்தக் காசில்லாம என் மொகத்துல முழிக்காத" என்று பையைத் தூக்கிவிட்டாள். முன்பெல்லாம் கோவித்துக்கொண்டு போகவும் டிக்கெட்டுக்கு என்னிடம்தான் கேட்பாள். இப்போது பெண்களுக்கு பஸ் இலவசம். நானும் அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே வந்தேன், நீங்கள் கதவைச் சாத்தினீர்கள்.

போகட்டும். இப்போது காசுக்கு மறுபடி மஞ்சள் தேய்த்து, விளக்கில் காட்டி, பழையபடி முடிந்து வைத்திருக்கிறேன். தராசில் வையுங்கள், காந்தத்தில் ஒட்டுங்கள், அதே காசுதான் என்று ஒரு குவாலிட்டிக்காரனாக உறுதி சொல்கிறேன். வருகிற ஆடிக் கடைசி வெள்ளி காலை அஞ்சரைக்கு வாரேன், குருவம்மா கிளம்பி நிற்கணும், மழையோ வெயிலோ இருக்கன்குடி போயே தீருவோம்.

உங்கள் சுகர் இறங்கவும் குலம் ஏறவும் மாரியம்மாள் அருளட்டும்.

இப்படிக்கு,
பால்ச்சாமி

பி.கு: இதைச் சத்தமாக வாசிக்காதீர்கள். அந்தக் காசு என்னிடம் இல்லை. அன்றைக்கு உங்கள் ஊருக்கு ஓடிவந்த அவசரத்தில், சட்டைப்பையில் கிடந்த சில்லறையை அப்படியே கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். வெளுத்த பிறகு அதுவும் எல்லாக் காசையும் போல ஒரு காசுதானே. இப்போது முடிந்திருப்பது பால்காரரிடம் வாங்கிய வேறு ரெண்டு ரூபாய். எடை பாஸ், காந்தம் பாஸ். ஆனால் முப்பது வருஷத்தில் ஒரு கெட்ட பேண்டேஜுக்குக்கூட நல்லதென்று முத்திரை குத்தாதவன், இதற்குக் குத்திவிட்டேன். வேண்டாம் மச்சான், இதையும் சத்தமாகவே வாசித்துவிடுங்கள். காசுதான் போலி. அவள் வேண்டிக்கொண்ட ஆள் ஒரிஜினல், வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு உங்கள் வாசலில் நிற்பான்.