பினாங்கில் இல்லாத காய்ச்சல்

ஒரு மாநிலத்தில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. காய்ச்சலில் கிடப்பவனுக்கும் இருக்காது. ஆகவே 1982-இல் டெங்கிக் காய்ச்சல் தலைகாட்டியபோது, பினாங்கு சூலியா தெருவில் காசு மாற்றும் கடைக்கு மேல்மாடியில் 'மாநிலக் காய்ச்சல் கண்காணிப்பு அலுவலகம்' திறந்தார்கள். சுவரில் ஆளுயரப் பலகை. அதில் நான்கு கட்டம்: பரிசோதனை, காய்ச்சல், ஆஸ்பத்திரி, மரணம். ஐந்து மாதமாக நான்கிலும் பூஜ்யம்தான். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டுப் போக மற்ற மாநில அதிகாரிகள் பஸ் வைத்து வந்தார்கள். வந்தவர்களுக்கு நாசி லெமாக் சாப்பாடு உண்டு.

சுங்கை பினாங்கில் எங்கள் பிளாட்டில் அப்போது பதினோரு பேருக்குக் காய்ச்சல்.

அதில் ஒருவன் மூன்றாம் மாடிக் குணவதியின் மூத்த மகன். ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள். வீட்டில் இன்னொருவன் இருந்தான், ஆறு வயது, ஒல்லிப் பையன். இவனையும் கொசு கடித்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் குணவதிக்கு ராப்பகலாய்க் கவலை. பிளாட்டுக்குப் பின்னால் பட்டறைக்காரன் மலையாகக் குவித்துவிட்டுப் போன பழைய டயர்கள். ஒவ்வொன்றிலும் மழைத்தண்ணீர், தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு. புகையடிக்கும் லாரியை அனுப்பச் சொல்லிக் கேட்க அவள் அந்த அலுவலக மாடியேறினாள். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னையும் கூட்டிப்போனாள்.

அங்கே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, விநாசித்தம்பி இருந்தார். இருபத்தேழு வருஷ சர்வீஸில் ஒரு எழுத்தைக்கூட அடித்துத் திருத்தாதவர்.

"எம்மவன் வார்டுல கெடக்கான் ஐயா. நீங்க பலகையில பூஜ்யம் போட்டிருக்கீங்க?"

அவர் பேரேட்டைப் புரட்டினார். "உங்கட மகன்ட கேஸ் பதிஞ்சிருக்குது பிள்ளை. ஒரு குறையும் இல்லை. பக்கத்து மாநிலம் கெடாவுக்குப் போட்டிருக்கு."

"கெடாவுக்கா? நாங்க இங்க பிளாட்ல இருக்கோம் லா!"

"தகப்பன்ட ஐ.சி.யில, அடையாள அட்டையில, எந்த விலாசம்?"

"கூலிம் தோட்டம். அங்கேருந்து வந்து எட்டு வருஷமாச்சு."

"ஆள் வந்திட்டார். ஐ.சி. வரேல்லை."

குணவதி விடவில்லை. "கடிச்ச கொசு இந்த ஊருக் கொசுதானே ஐயா?"

"கொசுவுக்கு ஐ.சி. இல்லைப் பிள்ளை. ஆதாரம் இல்லாததை நான் எப்படி எழுதிறது?"

"அப்ப புகை?"

"அடிச்சாச்சு. போன கிழமை கூலிம் தோட்டத்தில நல்லா அடிச்சவை."

அவர் கெட்ட மனிதர் இல்லை. வழியும் சொன்னார். பினாங்கு விலாசம் உள்ள ஒரே ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, மாதக் கடைசியில் பலகையில் ஒன்று என்று நின்றால் போதும். மறுநாள் காலை புகை லாரி வாசலில் நிற்கும்.

அன்று சாயங்காலமே பிளாட்டில் கூட்டம் போட்டோம். எல்லார் ஐ.சி.யையும் வாங்கிப் பார்த்தேன். கூலிம், பாகான் செராய், சுங்கை சிப்புட். எல்லாம் கெடா, பேராக் மாநில ஊர்கள். என்னுடையதும் பாகான் செராய். அறுபது வீட்டில் பினாங்கு விலாசம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது: கீழ்மாடி முனுசாமி. கப்பல் துறையில் வேலை, இரும்பு உடம்பு, தும்மல்கூட வராது. அவரைப் பார்க்க எங்களுக்கு வயிறு எரிந்தது.

"எல்லாரும் போய் ஐ.சி.யில விலாசத்தை மாத்திடலாமே?" என்றாள் குணவதி.

அதற்கு அரை நாள் லீவு போட்டு வரிசையில் நிற்க வேண்டும். ரொம்பச் சுசா, வீண் சிரமம். டயர்களை நாமே கவிழ்த்துவிட்டால் என்ன என்று இன்னொருவர் கேட்டார். அது அரசாங்க வேலை, நாம் கை வைத்தால் அப்புறம் எதற்கெடுத்தாலும் நம் தலையில் கட்டுவார்கள் என்று நான்தான் விளக்கினேன். ஆக, எல்லாவற்றையும் ஆராய்ந்து பார்த்ததில், முனுசாமிக்குக் காய்ச்சல் வருவதே சுலபம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

அந்த வாரம் முழுக்க முனுசாமிக்கு ராஜ உபசாரம். டாம் பலகையை விரித்து, ஒரு ஆட்டம் ஆடலாம் வாங்கண்ணே என்று டயர்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டோம். வெக்கையாக இருக்கிறது, சட்டையைக் கழற்றுங்கள் என்று சொன்னோம். ஆட்டத்தில் தொடர்ந்து அவரையே ஜெயிக்கவிட்டோம். என் மனைவி சந்திரிகா மாரியம்மன் கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனையே செய்தாள்.

"என்ன வேண்டுதல்?" என்று ஐயர் கேட்டாராம்.

"நீங்க பேரை மட்டும் சொல்லுங்க சாமி" என்றாளாம்.

தெய்வம் கைவிடவில்லை. பத்தாம் நாள் முனுசாமிக்கு நூற்றுமூன்று டிகிரி. பிளாட்டே அவரைப் பூப்போலத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தது. பரிசோதனை ஒன்று, காய்ச்சல் ஒன்று, ஆஸ்பத்திரி ஒன்று. பலகையில் மூன்று கட்டம் நிரம்பியதை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். விநாசித்தம்பி எழுதிய எண் கோணலாக இருந்தது.

ஆனால் இரும்பு உடம்பு அல்லவா? இருபத்தெட்டாம் தேதி முனுசாமி குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். "வந்தது ஒண்டு, போனது ஒண்டு, மிச்சம் பூஜ்யம்" என்று விநாசித்தம்பி கணக்கை முடித்தார். இரண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று எங்களுக்கு ஆத்திரம். விஷயம் தெரிந்த முனுசாமிக்கு அதைவிட ஆத்திரம். மறுநாளே போய்த் தன் விலாசத்தை ஈப்போவில் உள்ள தங்கை வீட்டுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

குணவதி அதன்பிறகு யாரையும் நம்பவில்லை. புருஷன் ஜெயராஜின் ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று அவனை இழுத்துக்கொண்டு போய் இரண்டு பேர் ஐ.சி.யிலும் பிளாட்டு விலாசத்தைப் பதிந்துகொண்டு வந்தாள். எங்களுக்கெல்லாம் ஒரே சந்தோஷம். நான் பழம் வாங்கிக்கொண்டு போனேன். மூத்தவன் அதற்குள் குணமாகி வந்துவிட்டிருந்தான். ஒல்லிப் பையன் ஜன்னலோரம் கொசுவலைக்குள் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தான்.

"பிள்ளையை ஏன் அக்கா உள்ளயே பூட்டி வச்சிருக்கீங்க? சாயங்காலத்துல பின்னாடி காத்தாட விளையாடட்டுமே" என்றேன்.

கேட்டது நான்தான். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்போது இல்லை.

குணவதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பழத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே இறங்கி, டயர்களை ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்தாள். ஜெயராஜும் வந்து சேர்ந்துகொண்டான். நாங்கள் வராந்தாக்களில் வரிசையாக நின்று பார்த்தோம். மூன்று நாளில் கொசு குறைந்துவிட்டது. இப்படியே போனால் புகை லாரி எந்தக் காலத்தில் வரும்?

மனு எழுதினோம். நான்தான் எழுதினேன். 'மேற்படி பிளாட்டில் முறையாகக் கேஸ் உருவாகும் வாய்ப்பைத் தனிநபர் ஒருவர் கெடுத்துவருகிறார். தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறோம்.' ஐம்பத்தொன்பது வீட்டாரும் ஐ.சி. எண்ணோடு கையெழுத்திட்டார்கள்.

பதில் ஒரே வாரத்தில் வந்தது. ஒரு எழுத்துக்கூடத் திருத்தாத கையெழுத்து.

'மனுவில் கையெழுத்திட்ட எவரும் இம்மாநிலத்தில் வசிப்பவர் அல்லர். ஆகவே மனு கெடா, பேராக் மாநிலங்களுக்கு அனுப்பப்படுகிறது. நகல்: மேற்படி பிளாட்டில் குடியிருக்கும் ஒரே குடும்பமான ஜெயராஜ் – குணவதி தம்பதியருக்கு.'