அஜ்மலைப் படிக்கவைத்த வருஷம்

என் உடம்பில் உயிர் இருக்கும்வரை என் மகனை பிளஸ் டூ பாஸ் செய்ய வைக்காமல் விடமாட்டேன் என்று சபதம் போட்டேன். சபதம் போட்டது தப்பில்லை. மனைவி காதில் விழும்படி போட்டதுதான் தப்பு.

அஜ்மல் கணக்கில் கோட்டைவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதும் ஆன்லைன் வகுப்பில் சேர்த்தோம். இதிலும் தேறாவிட்டால் அவனைச் சுரங்க வேலைக்கு அள்ளிக்கொண்டு போக பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து கான்ட்ராக்டர் ஒருவர் தயாராக இருந்தார். நான் அதே சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பார்ப்பவன், பர்மனென்ட். கான்ட்ராக்ட் பையன்கள் படும் பாட்டைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன். என் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதல் நாள் வகுப்பன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். லேப்டாப்பில் கணக்கு வாத்தியார் ஏதோ கேட்டார். அஜ்மல் யோசித்தான். பிள்ளைகள் யோசித்தால் எனக்குப் பொறுக்காது.

"எருமை மாடு! சார் கேக்கறார்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

லேப்டாப்புக்குள் ஒரே சிரிப்பு. மைக் திறந்திருந்ததாம். எனக்கு யார் சொன்னார்கள்? வாத்தியார் மட்டும் சிரிக்காமல், "அஜ்மல், பக்கத்துல இருக்கிற பெரியவர் கொஞ்சம் வெளிய இருக்கட்டும்" என்றார். பெரியவராம்!

அஜ்மல் லேப்டாப்பை மூடினான். "நாளைக்கு வடக்குத்து போறேன்மா" என்றான். அம்மாவிடம்தான் சொன்னான். என் பக்கம் திரும்பவே இல்லை.

சித்தீகா என்னைத் திட்டவில்லை. கொஞ்ச நேரம் வெளியே போய்விட்டு வந்து டீ போட்டுக் கொடுத்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"என்னங்க, ஒரு நாள் பக்கத்துல உக்காந்தா ஆச்சா? வருஷம் பூரா நீங்க கூடவே இருக்கணும்."

"வேலைக்கு யார் போறது?"

"அதான் எனக்கும் புரியல. வகுப்பு பகல்ல நடக்குது. உங்க ஷிப்டோ மாறிக்கினே இருக்குது. எனக்கென்ன தெரியும்?"

என் மூளை பளிச்சென்று வேலை செய்தது. "வருஷம் பூரா நைட் ஷிப்டே போட்டுக்கினா? பகல் முழுக்க வூட்லயே இருப்பேனே!"

"அடேங்கப்பா! இது எனக்குத் தோணவே இல்லையே" என்றாள். அவள் என்னை மெச்சி வெகுகாலமாகியிருந்தது. மயங்கிவிட்டேன்.

கூட வேலை செய்யும் அறிவழகனிடம், அவருடைய நைட் ஷிப்டையெல்லாம் நான் எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். மனிதர் தாடையைச் சொறிந்தார். "யோசிச்சு சொல்றேன் பாய்" என்றார். நைட் ஷிப்ட் என்றால் ஊரே ஓடும், இவருக்கு யோசனை! காலில் விழாத குறையாகக் கெஞ்சிய பிறகு, போனால் போகிறதென்று ஒத்துக்கொண்டார். ஃபோர்மேனும் தலையாட்டினார்.

முதல் நைட் முடிந்து வீட்டுக்கு வந்தால், தட்டில் நெய்ச்சோறு, தாளிச்சா, வறுத்த கறி. காலை வேளையில்!

"சாப்டுங்க. ராத்திரி பூரா கண்ணு முழிச்ச உடம்பு."

"வகுப்பு ஆரம்பிக்கறதுக்குள்ள எழுப்பிடு."

"எழுப்பாம?"

கண் விழித்தபோது பள்ளிவாசலில் சாயங்கால அஸர் பாங்கு கேட்டது. வகுப்பு முடிந்து அஜ்மல் கிரிக்கெட் ஆடப் போயிருந்தான்.

மறுநாள் வீறாப்பாகத் தட்டை ஒதுக்கினேன். அப்போதுதான் அவள் சட்டம் பேசினாள். எங்கள் டவுன்ஷிப்பில், நைட் ஷிப்ட்காரன் தூங்குகிற வீட்டில் மிக்ஸி ஓடாது, டிவி வாய் திறக்காது. என் வீட்டில் அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான். தூக்கம் கெட்ட ஆத்திரத்தில் கீரைக்காரரை அடுத்த பிளாக் வரை துரத்தியிருக்கிறேன்.

"தூங்காம போய் பெல்ட்டுல கையைக் குடுத்துட்டா? சேஃப்டி கிளாஸ்ல சொன்னாங்கன்னு நீங்கதானே எங்களுக்குப் பாடம் எடுத்தீங்க?"

"சும்மா பக்கத்துல உக்காந்துக்கறேன்டி."

"நீங்க அடுத்த ரூம்ல இருக்கீங்கன்ற பயமே அவனுக்குப் போதுங்க."

திரையை இழுத்தாள். ஃபேனைக் கூட்டினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. பூனை வந்து எழுப்பிவிடுமாம். எங்கள் பிளாக்கிலேயே பூனை கிடையாது.

இப்படியே வருஷம் ஓடியது. தொப்பை வந்தது. மந்தாரக்குப்பம் டீக்கடையில் யார் கேட்டாலும், "பையனைக் கூடவே இருந்து படிக்க வெக்கறேன்" என்பேன். சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அஜ்மல் பாஸ்! கணக்கிலும் பாஸ்! லட்டு டப்பாவோடு அறிவழகனிடம் ஓடினேன்.

"எல்லாம் உங்களாலதாங்க. இனிமே பழையபடி மாத்திக்கலாம்."

"எனக்கு எதுக்கு பாய் நன்றி? உங்க வூட்டம்மாவுக்குச் சொல்லுங்க. உங்களுக்கு அந்த யோசனை வர்றதுக்கு முன்னாடியே என் சம்சாரம் விஜயகுமாரிகிட்ட வந்து சொல்லிட்டாங்களே. 'அவர் வந்து கேப்பார். உடனே சரின்னுட வேணாம், கொஞ்சம் பிகு பண்ணிக்கினு ஒத்துக்கச் சொல்லுங்க. அப்பதான் தன் யோசனைன்னு நம்புவார்'னு."

லட்டு கசந்தது. வீட்டுக்கு வந்து கத்தினேன்.

"என்னைத் தூங்க வெக்கறதுக்குத்தான் இத்தனை திட்டமா?"

சித்தீகா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "நீங்க முழிச்சிக்கினு பக்கத்துல இருந்தது ஒரே ஒரு நாளு. அன்னிக்கே புள்ள படிப்ப வுட்டுட்டுக் கிளம்பிட்டான். நீங்க தூங்கிடுவீங்கன்னு சொல்லித்தான் திரும்ப உக்கார வெச்சேன். வேற என்னங்க பண்றது?"

பிள்ளைக்காக ஒரு வருஷம் வெயிலையே பார்க்காமல் கிடந்தேன். அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்ததோ நான் வாய் திறக்காத வீடு. அவள் சொன்னது பொய்யாக இருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

"நாளைக்கே பகல் ஷிப்டுக்கு மாறறேன்!" என்று சட்டையை மாட்டினேன்.

அஜ்மல் வந்து எதிரில் நின்றான். அந்த முதல் வகுப்புக்குப் பிறகு அவனாக என்னிடம் பேச வருவது இதுதான் முதல் தடவை.

"அத்தா, நைட் ஷிப்டை மாத்திடாதீங்க" என்றான், அவ்வளவு பணிவாக. "காலேஜும் ஆன்லைன்லதான் சேரப் போறேன்."