இழுவைக் கட்டுப்பாட்டுக் குழு

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு அதைப் பற்றி எடுத்த மாபெரும் முடிவு, காஞ்சிபுரத்தில் குடிநீர்க் குழாய் பதிக்கும் ஓர் அரசு அலுவலக மாடியில், மூன்று மாத ஆலோசனைக்குப் பின் எடுக்கப்பட்டது. அலுவலகத்துக்கு வாங்கவிருந்த சின்னக் காருக்கு, சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் ‘டிராக்‌ஷன் கன்ட்ரோல்’ தேவையா என்பதே கேள்வி.

குழுத் தலைவர் பொறியாளர் சிவபாலன், முதலில் அதற்குத் தமிழ்ப் பெயர் வேண்டும் என்றார். ‘இழுவைக் கட்டுப்பாடு’ என்று சூட்டுவதற்கே நாலு கூட்டம் ஆனது. இழுவை தாராளமாக இருந்தது, கட்டுப்பாடுதான் இல்லை.

ஜான்சன் அங்கே ஒப்பந்த ஓட்டுநர். பதினெட்டு வருடமாக ஸ்டியரிங் பிடித்தவன். ஆகவே அவனிடம் கருத்துக் கேட்கும் தவற்றைக் குழு செய்யவில்லை. ஐந்தாவது கூட்டத்துக்கு டீ கொண்டுபோனபோது அவனாகவே சொல்லிப் பார்த்தான். சேற்றில் எந்த வண்டியும் வழுக்கும். ஒரு சக்கரம் வெறுமனே சுழலும், மற்றது அசையாது. அந்தச் சாதனம் இருந்தால் சுழல்வதைப் பிடித்து, மற்றதற்குப் பலம் கொடுக்கும். சிவபாலன் பரிவோடு கேட்டுவிட்டு, டீயில் சர்க்கரை கம்மி என்றார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: “சக்தி குறைந்த வாகனம் சறுக்காது. சறுக்குமளவு சக்தி அதற்கு இல்லை.”

வண்டி வந்தது, பூசணிக்காய் சுற்றினார்கள். மறுநாள் நல்ல மழை. வெளுத்த சட்டையில் சிவபாலன் பின்சீட்டில் அமர, ‘கள ஆய்வு’க்குப் புறப்பட்டார்கள். செவிலிமேட்டில், குழாய் பதிக்கத் தோண்டிய தெருவில், இடது முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. ஜான்சன் மெல்ல மிதித்தான். அது சுழன்றது. வலது சக்கரம் கொலு பொம்மைபோல் நின்றது.

சிவபாலன் இறங்கி, அந்த அதிசயத்தைச் சக்கரத்துக்கு நேர் பின்னால் நின்று பார்த்தார். நன்றாக மிதிக்கச் சொன்னார். ஜான்சன் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தான். சட்டை நிறம் மாறியது.

அவர் கோபப்படவில்லை, ஆராய்ந்தார். வண்டி சறுக்காது என்று குழு நிரூபித்துவிட்டது. ஆகவே சறுக்கியது ஓட்டுநர்தான். அவன்மேல் மெமோ, ஒப்பந்தம் ரத்து. ஜான்சனின் மகள் திரிஷாவுக்கு இந்த வருடம் ப்ளஸ் டூ.

தறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எல்லம்மாளும் மூன்று பெண்களும், யாரும் கூப்பிடாமலே, சக்கரத்தடியில் கோணியைத் திணித்துத் தள்ளினார்கள்.

“தெனம் நாலு வண்டிய தள்ளிக்கினுதான் வேலைக்குப் போறோம்பா” என்றாள் எல்லம்மாள் ஜான்சனிடம். வண்டி ஏறி வந்தது. ‘பொதுமக்கள் ஒத்துழைப்பு இருப்பதால் சாதனம் அவசியமில்லை’ என்று சிவபாலன் குறித்துக்கொண்டார்.

பிறகு, மெமோவுக்கு ஆதாரமாக, நடந்ததை டிரிப் ஷீட்டில் எழுதச் சொன்னார். ஜான்சன் பேனாவைத் திறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

“எடம் இன்னான்னு எழுதறது சார்?”

“செவிலிமேடு, குழாய்ப் பள்ளம்னு எழுதுப்பா.”

“எழுதிடறேன் சார். ஆனா இந்தப் பள்ளத்த போன வருஷமே மூடியாச்சுன்னு நம்ம ரெக்கார்டுல இருக்குது. அந்த ஃபைல மேலாபீசுக்கு எடுத்துக்கினு போனதே நான்தான். கையெழுத்து உங்களுது.”

சிவபாலன் டிரிப் ஷீட்டை வாங்கி, நாலாக மடித்து, சேற்றுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜான்சனுக்கு மெமோ இன்றுவரை வரவில்லை. பள்ளத்துக்கு மண்ணும்தான்.