நாற்பது சாக்குச் சருகு

இந்த வருடம் கோடை முற்றுவதற்குள் என் தோட்டத்துக்கு எவ்வளவு மூடாக்கு வேண்டும் என்பதை விஞ்ஞான முறைப்படி கணக்கிட்டு, ஓர் இலை கூடாமலும் ஓர் இலை குறையாமலும் போட்டு முடிப்பது என்று தீர்மானித்தேன். என் தீர்மானங்களுக்கு ஒரு குணம் உண்டு. எடுக்கும்போது அவை என்னுடையவையாக இருக்கும். நடந்து முடியும்போது தேவகனியுடையவையாகி இருக்கும். தேவகனி என் மனைவி.

மூடாக்கு என்றால் பயப்பட வேண்டாம். வெயிலில் மண் காயாமல் இருக்க மரத்து மூட்டில், அதாவது அடியில், சருகைப் பரப்பி மூடிவைப்பது, அவ்வளவுதான். போட்டுவிட்டால் தினமும் தண்ணீர் விட வேண்டாம், வாரத்துக்கு இரண்டு நாள் போதும். எங்கள் வீட்டில் தினமும் சாயங்காலம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்பது யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதை அவள் எட்டு வருடமாகச் சொல்லி வருகிறாள்.

“மூட்டுல கொஞ்சம் சருகு அள்ளிப் போடுங்கோ.”

“கொஞ்சம்னா எவ்வளவு?”

“கொஞ்சம்னா கொஞ்சந்தான்.”

“அப்படியெல்லாம் பணி செய்ய முடியாது கேட்டியா. கனம் சொல்லு. ரெண்டு இஞ்சா? மூணு இஞ்சா?”

“நீங்க அளந்து முடிக்கதுக்குள்ள மழை வந்துரும்.”

எட்டு வருடமும் மழை வந்துவிட்டது.

என்னைக் குற்றம் சொல்லக்கூடாது. நான் மஸ்கட்டில் கட்டடக் கம்பெனியில் அளவெடுக்கும் வேலை பார்த்து ஊருக்குத் திரும்பியவன். இந்தச் சுவருக்கு இத்தனை மூட்டை சிமெண்ட் என்று நான் சொன்னால் கடைசியில் ஒரு கரண்டி மிச்சம் வராது. கையில் டேப் இல்லாவிட்டால் எனக்கு யோசனையே ஓடாது. அப்படிப்பட்ட ஒருவனிடம் வந்து ‘கொஞ்சம்’ என்றால் எப்படி?

ஆகவே டேப்பை எடுத்தேன். டேப்புக்கு இரண்டு முனை. மறுமுனையைப் பிடிக்கும் உத்தியோகத்தைத் தேவகனிக்குக் கொடுத்தேன்.

“மட்டி வாழை நிக்கிற எடத்தைக் கழிக்கணும்,” என்றேன். “தடி நிக்கிற எடத்துல சருகு விழாதுல்லா.”

“வாழை தடிச்சா?”

“அதுக்குத் தனிக் கணக்கு.”

“கன்னு வச்சா?”

“ஏட்டி, நீ டேப்பைப் பிடி.”

வாழை, நல்லமிளகுக் கொடி, எலுமிச்சை, சக்கை என்கிற பலா மரத்து மூடு எல்லாம் சேர்த்து எண்ணூறு சதுர அடி. மூன்று அங்குலக் கனம் என்றால் கால் அடி. ஆக இருநூறு கன அடி. சாக்குக்கு ஐந்து கன அடி வீதம் நாற்பது சாக்கு. இதைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். ஆச்சரியம் எதுவும் தென்படவில்லை.

“எனக்க அண்ணனுக்க ரப்பர் விளையில எலை உதிர்ந்து முழங்கால் வரை கெடக்கு. வேணும்ங்கிறத அள்ளிக்கலாம்,” என்றாள். “அதுக்கா ரெண்டு நாளு கணக்கு?”

குலசேகரத்திலிருந்து டெம்போவில் நாற்பது சாக்குச் சருகு வந்து இறங்கியது. திங்கட்கிழமை காலையில் ஆரம்பித்து, கையாலேயே அள்ளி, மூட்டுக்கு ஒரு சாண் இடம் விட்டு, அடிக்கொரு தடவை ஸ்கேலை நட்டுப் பார்த்து, சாயங்காலத்துக்குள் பரப்பி முடித்தேன். துவைக்கிற கல்லுப் பக்கம் குழாயைத் திறந்து, சோப்பைப் போட்டு முழங்கை வரை நுரை பொங்கத் தேய்த்துக் கழுவினேன். உள்ளே போய் ஒரு கட்டன் சாயா போடச் சொன்னேன். கடைசிச் சாக்கின் கடைசி இலையும் சரியாகத் தீர்ந்திருந்தது. மஸ்கட்டில்கூட எனக்கு இப்படி ஒரு கணக்கு அமைந்ததில்லை.

டம்ளரைக் கையில் வாங்கும்போதுதான் பார்த்தேன். மோதிர விரலில் மோதிரம் இல்லை. அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

கல்யாண மோதிரம்! உள்பக்கம் தேவகனி என்று பெயர் கொத்தியது. வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். சபையில் ஸ்தோத்திர ஜெபம் வைத்திருந்தோம். புதிதாக வந்திருக்கும் போதகர் ஆசையாக ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கணவனும் மனைவியும் சபைக்கு முன்னால் மோதிரத்தைக் கழற்றி, மறுபடியும் ஒருவருக்கொருவர் போட்டுவிட வேண்டும். அவருக்கு என்ன, அவர் விரலில் மோதிரம் இருக்கிறது.

எனக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து தேவகனி ராகியும் வெண்டைக்காயுமாகப் போட்டு வளர்த்ததில் விரல் மெலிந்துவிட்டது. “மோதிரம் லூசா கெடக்கு, நூலு சுத்தித் தாறேன்,” என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். “நூலு சுத்தின மோதிரம் போட நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்று நானும் அத்தனை தடவை கேட்டேன். இப்போது போய், தொலைந்தது என்று சொன்னால்? அடுத்த இருபத்தைந்து வருடமும் இது ஒன்றையே கேட்க வேண்டியிருக்கும். அதைவிட வருத்தம், சபை நடுவில் எனக்குப் போட மோதிரமில்லாமல் அவள் வெறும் கையோடு நிற்பாள். அவள் அந்த நாளுக்கென்று புடவை எடுத்து, தினம் ஒரு தடவை அதை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மோதிரம் எங்கே போயிருக்கும்? எண்ணூறு சதுர அடிச் சருகுக்குள்தான். அவளுக்குத் தெரியாமல் அத்தனையையும் புரட்ட வேண்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டும். என்னிடம் கணக்கு இருந்தது.

“ஒரு தப்பு நடந்து போச்சு,” என்றேன் மறுநாள் காலையில். “மூணு இஞ்ச் கூடுதலாக்கும். வேருக்குக் காத்து போகாது. எல்லாத்தையும் வாரி எடுத்து ரெண்டு இஞ்சா போடணும்.”

தேவகனி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“செரி,” என்றாள். “வாரி எடுக்கத்தானே போறிய, அடியில கெடக்க கோரையையும் புடுங்கிப் போட்டுருங்கோ.”

கோரையைப் பிடுங்கினேன். ஒரு பிடி சருகு, ஒரு பிடி கோரை, இடையிடையே ஒரு ஜெபம். மோதிரம் இல்லை.

புதன்கிழமை கணக்கு மறுபடியும் தப்பியது.

“சருகு உக்காந்துட்டு. ரெண்டு இஞ்ச் போட்டது ஒரு இஞ்சாப் போச்சு. இன்னொரு தடவை வாரி, பழையபடி மூணு இஞ்சா போட்டாத்தான் உக்காந்து ரெண்டு இஞ்ச் நிக்கும்.”

“நானும் நெனச்சேன்,” என்றாள் தேவகனி. “அப்போ வாரும்போது அடியில சாணம் போட்டுருங்கோ. பொறத்தால குவிச்சு வச்சிருக்கேன்.”

என் கணக்கை அவள் ஒப்புக்கொண்டது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. எலுமிச்சை பிழிந்து நாரங்கா வெள்ளம் வேறு கலக்கிக் கொண்டுவந்து தந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளிடம் போய் மறைக்கிறோமே என்று மனது குத்தியது. ஆனாலும் சாணத்தைச் சுமந்தேன்.

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் மதில் பக்கம் போய், அடுத்த வீட்டு சிவபிரசாத் அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் காந்தம்தான் மருந்து என்பது அவர் கட்சி.

“காந்தம் தாறேன், கொண்டு போம் ஓய்.”

“தங்கம் காந்தத்துல ஒட்டுமா அண்ணாச்சி?”

“ஒட்டாது.”

“பின்ன எதுக்கு?”

“ஒட்டுறதை எல்லாம் எடுத்துட்டா மிச்சம் கெடக்கது தங்கம்லா? ஆலையில நாங்க அப்படித்தான் மணலைப் பிரிப்போம்.”

அந்த நேரத்தில் அது எனக்குப் பெரிய ஞானமாகப் பட்டது. கயிற்றில் காந்தத்தைக் கட்டித் தோட்டம் முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தேன். ஆணி வந்தது. ஹேர்பின் வந்தது. சைக்கிள் செயினில் பாதி வந்தது. மிச்சம் கிடந்தது தங்கம் இல்லை, சருகு.

“அது என்னது, கயித்துல?” என்று கேட்டாள் தேவகனி. அவள் எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

“காந்தம். மண்ணுல இரும்புச் சத்து எவ்வளவு இருக்குன்னு பாக்கேன்.”

“எவ்வளவு இருக்கு?”

காந்தத்தைத் தூக்கிப் பார்த்தேன். “ஒரு கரண்டி இருக்கு.”

“குடுங்கோ,” என்று வாங்கிப் பார்த்தாள். “இதைத்தான் நான் ஒரு வருஷமா தேடுதேன். தோட்டத்துல தொலைஞ்ச சாமான் எல்லாம் ஒருநாளு கெடைக்கத்தான் செய்யும், என்னா?”

கண்டுபிடித்துவிட்டாளோ என்று நினைத்தேன். ஆனால் அவள் கரண்டியைக் கழுவப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் சொல்வதற்கு முன்னால் அவளே ஸ்கேலோடு வந்தாள். எலுமிச்சை மூட்டில் நட்டுப் பார்த்தாள்.

“இங்க பாருங்கோ, இது ரெண்டே முக்கால் இஞ்ச்தான் இருக்கு. அந்தப் பக்கம் மூணேகாலு. உங்களுக்க கணக்குக்கு ஒத்து வருமா?”

“ஒத்து வராது!” என்றேன் ஆவலோடு. “முழுசா வாரணும்.”

“வாருங்கோ. வாரும்போது வாழைக்கு ரெண்டு கன்னு விட்டுட்டு பாக்கியைத் தோண்டி எடுத்துருங்கோ. எலுமிச்சைக்குத் தண்ணி நிக்கிற தடமும் கொஞ்சம் ஆழமாக்கிருங்கோ.”

தோண்டினேன். ஆழமாக்கினேன். சனிக்கிழமை சாயங்காலம் தோட்டத்தைப் பார்க்க எனக்கே அடையாளம் தெரியவில்லை. கோரை ஒன்று கிடையாது. வாழை மூடெல்லாம் சுத்தம். எந்தப் பக்கம் ஸ்கேலை நட்டாலும் சரியாக மூன்று அங்குலம். மோதிரம் மட்டும் இல்லை. அவளிடம் சொல்லிவிடுவது என்று படுக்கையறை வாசல் வரை போனேன். உள்ளே அவள் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சபைக் கோவிலில் இடது கையைக் கால்சட்டைப் பையில் விட்டவன் எடுக்கவே இல்லை. பாட்டுக்கு எழுந்தபோதும் எடுக்கவில்லை, ஜெபத்துக்கும் எடுக்கவில்லை. போதகர் எங்களை முன்னால் கூப்பிட்டார். சொந்தக்காரர்கள் எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

“சகோதரர் சத்தியராஜ், உங்கள் மோதிரத்தைச் சகோதரியிடம் கொடுங்கள்.”

மின்விசிறிக்கு நேர் கீழே நின்றும் சட்டை நனைந்துவிட்டது. தேவகனியின் காதருகே குனிந்தேன்.

“தேவகனி, ஒரு காரியம் சொல்லணும்…”

“கையை நீட்டுங்கோ,” என்றாள்.

பையிலிருந்து கையை எடுத்தேன். அவள் கைக்குட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது என் மோதிரம். அடியில் நீலநூல் அழகாகச் சுற்றியிருந்தது. எடுத்து என் விரலில் போட்டாள். பிசகாமல், அசையாமல் உட்கார்ந்தது.

போதகர் ஜெபத்தை ஆரம்பிக்கும் முன்பே நான் “ஆமென்!” என்று சொல்லிவிட்டேன். சபையே திரும்பிப் பார்த்தது. சொல்லட்டுமா, இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அந்த மோதிரத்தை முதல் தடவை போட்டபோதுகூட எனக்கு இத்தனை சந்தோஷம் வரவில்லை. ஒரு வாரமாக நெஞ்சில் ஏற்றிவைத்த கல் அப்படியே இறங்கிவிட்டது. அவள் மோதிரத்தை அவளுக்குப் போட்டுவிட்டு, அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் பாசம் என்று நினைத்திருப்பார்கள். பாசமும்தான்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினேன்.

“எப்போ கெடைச்சு?” என்றேன்.

“திங்கக்கிழமையே கெடைச்சு. துவைக்கிற கல்லுல, சோப்பு டப்பாவுக்குள்ள. நீங்க கைகழுவிட்டு உள்ள சாயா குடிக்கதுக்குள்ள நான் எடுத்துட்டேன்.”

“பின்ன ஏன் சொல்லல்லே?”

“நீங்க சொல்லட்டும்னு பாத்தேன். நீங்க மூணு இஞ்ச் கூடுதல்னு சொன்னிய. செரி, கணக்கு சரியாகட்டும்னு இருந்தேன்.”

“மூணு தடவை புரட்டினேன், தேவகனி!”

“கண்டேன். எட்டு வருஷமா சொல்லுதேன், கோரை புடுங்குங்கோ, சாணம் போடுங்கோ, கன்னு எடுங்கோன்னு. ஒரு வாரத்துல எல்லாம் முடிஞ்சு. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு உங்களுக்க கணக்கு.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மோதிரம் விரலில் இருந்தது, தோட்டம் சுத்தமாக இருந்தது, வாரத்துக்கு ஐந்து சாயங்காலம் எனக்கு மிச்சம். சிரிப்புதான் வந்தது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு மெதுவாகத் தோளில் தட்டினாள்.

“கெணத்துக்கு மேக்க மரச்சீனிக் கெழங்கு நிக்கிற எடம் மட்டும் பாக்கி கெடக்கு. அந்த மோதிரத்தை இன்னும் ஒரு வாரத்துக்கு எனக்க கையில தாருங்கோ.”

“நடக்காது,” என்றேன் வெற்றியோடு. “நீயே நூலு சுத்தி இறுக்கிட்டே. இனி கழண்டு வராது.”

“சோப்பு இருக்குல்லா,” என்றாள் தேவகனி.