அழாத பிள்ளை: அக்காவுக்கு ஒரு விளக்கம்

அன்பும் அச்சமும் சரிபாதியாகக் கொண்டு அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

மூட்டுவலி தேவலையா? இங்குள்ள உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பேரனின் இரத்தத்தில் பி12 என்ற வைட்டமின் மிகக் குறைவு. பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தை மருத்துவரே இன்று காலை சொன்னார். பெற்றவளுக்கும் அதே குறை.

அமைதியான பிள்ளை என்று பத்திரிகை அலுவலகம் முழுக்கப் பெருமையடித்தவன் நான்தான். பிற்பகலில் ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்கும். அவன் அதையே பார்த்துக் கிடப்பான், அதையா, அதற்கு அப்பால் எதையோவா, தெரியாது. பசித்தாலும் அழமாட்டான். கிலுகிலுப்பையை ஆட்டினால் தொலைதூரத்து மழையைக் கேட்பவன்போலக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். அந்தத் தூக்கம் வீட்டுக்கே ஒட்டிக்கொண்டது. அவன் பக்கத்தில் மகள் தூங்க, மருமகன் செருப்போடு தூங்க, நான் பாதிச் செய்தியில் பேனாவோடு தூங்க, குக்கர் விசில்கூட மேகத்துக்குள்ளிருந்து வந்தது. எல்லோரும் ஒரே கனவுக்குள் குடியிருந்தோம், வாடகையில்லாமல். தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவர் அவனைக் கைபிடித்துத் தூக்கினார். ஐந்து மாதத் தலை பின்னால் தொங்கியது.

“சிரிக்கிறானா?”

“இன்னும் இல்லைங்க, யோசிச்சிட்டிருக்கான்” என்றேன்.

“ஊசி குத்தினதுக்கு முனகினதோட சரி. இது அமைதி இல்லைங்க, சோர்வு. அம்மா என்ன சாப்பிடுறாங்க?”

சோறும் காய்கறியும் என்றாள் மகள். பால் வேண்டாம், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று தொலைபேசியில் சொன்னது நீங்கள். மீன் வேண்டாம் என்றது மேல்வீட்டு அம்மா. முட்டை ஆகாது என்றவர் எங்கள் பிழைதிருத்துநர். நாலு பிள்ளை பெற்றவர். இறைச்சி சூடு என்று நானும் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு உறுதிசெய்யாமல் ஒரு வரிகூட அச்சேற்றாதவன், மகளின் தட்டு விஷயத்தில் நாலு வதந்தியையும் அப்படியே போட்டுவிட்டேன்.

மருத்துவர் இருவரின் இரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பினார். இன்று காலை முடிவைச் சொன்னதும் மருமகன் விழித்துக்கொண்டு, “அப்போ தாய்ப்பாலை நிறுத்திடலாமா டாக்டர்?” என்றார்.

“அதை மட்டும் செய்யாதீங்க. பால்மேல என்னங்க குத்தம்? சட்டியில இருந்தாதானே அகப்பையில வரும். ரெண்டு பேருக்கும் ஊசி போடுவோம். பி12 பாலு, மீனு, முட்டை, கறியிலதான் இருக்கு, சட்டியை நீங்க நிரப்புங்க.”

ஆகவே அக்கா, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். சாப்பாடு பற்றி இனி யோசனை வேண்டாம். உங்கள் வருகையையும் தள்ளிப்போடுங்கள். அத்தானுக்கு வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் மகள் இதைப் படித்துவிட்டாள். “அத்தைமேல ஏம்ப்பா பழியப் போடுறீங்க? மாசமா இருந்தப்பவே எனக்குப் பாலு, மீனு, முட்டை, கறி எல்லாமே குமட்டிச்சு. யாராவது வேணாம்னு சொல்லமாட்டாங்களான்னு இருந்தேன். முதல்ல சொன்னது அத்தைதான். மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டேன்” என்கிறாள். மேலே உங்களைப் பற்றி எழுதியது அனைத்தும் வாபஸ். வரவேண்டாம் என்றதும் வாபஸ். மூக்கைப் பிடித்துக்கொண்டு அவள் அரை முட்டை தின்றிருக்கிறாள். மீதி அரை தட்டில் கிடக்கிறது. “எதிர்ல அத்தை உக்காந்து திட்டினா இறங்கும்ப்பா” என்கிறாள். இருவருக்கும் முதல் ஊசி போட்டாயிற்று. தலை எப்போது நிற்கும், எப்போது சிரிப்பான் என்பதற்கு மருத்துவர் தேதி தரவில்லை. வியாழக்கிழமை மறுபடி பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமையே வந்துவிடுங்கள்.